பின்பக்கம் வழுக்குகிறது, பைட் ஏற்றலாமா? (களிமண் டிராக், ரியர் செட்டப்)

11 ஜனவரி 2025, இரவு 10:50

யீஷூன் (சிங்கப்பூர்) தம்பி கேட்டது, அவர் வார்த்தையிலேயே: "அண்ணே, ஐரேசிங்கில் டர்ட் லேட் மாடல் ஓட்டுறேன், எல்டோரா டிராக். வளைவை விட்டு வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொட்டாலே வால் போயிடுது. இடது பின் பைட் ஏத்தினா பிடிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏத்தினேன், இன்னும் மோசமாயிடுச்சு. பின் சஸ்பென்ஷன்ல வேற எதை மாத்தணும்?"

(புதியவர்களுக்கு: ஐரேசிங் கணினிப் பந்தய சிமுலேட்டர். டர்ட் லேட் மாடல் களிமண் டிராக்கில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் அமெரிக்கப் பந்தயக் கார். எல்டோரா ஒஹாயோவில் உள்ள டிராக். பைட் என்பது வலது பின் சக்கரத்தைவிட இடது பின் சக்கரத்தில் கூடுதலாக உட்காரும் எடை.) ஒன்றையும் மாற்றாதீர்கள் தம்பி. முதலில் ரீப்ளே பாருங்கள். வெளியே வரும் இடத்தை அல்ல, உள்ளே நுழையும் இடத்தை. அங்கே ஸ்டியரிங் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

11 ஜனவரி, இரவு 11:35

விளக்கம் சொல்லாமல் விட்டால் தம்பி விடியும் முன் எல்லா ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டு வந்து நிற்பார். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

களிமண்ணில் "வெளியே வரும்போது வால் போகிறது" என்று யாராவது சொன்னால் நான் அதை அப்படியே நம்புவதில்லை. பல நேரம் கோளாறு நுழைவிலேயே தொடங்கியிருக்கும். கார் டைட்டாக இருக்கிறது, அதாவது திரும்பச் சொன்னால் திரும்பாமல் மூக்கு வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. ஓட்டுபவர் என்ன செய்வார்? ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிப்பார், வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைப்பார், அதுவும் போதாவிட்டால் காரை ஓர் உதறு உதறி வாலை வெளியே வீசித் திருப்புவார். இப்போது கார் குறுக்காக நிற்கிறது, வேகம் விழுந்துவிட்டது, விட்டதைப் பிடிக்கப் பார்த்து மிதிக்கிறார். பின் டயர் ஏற்கெனவே பக்கவாட்டில் அரைத்துக்கொண்டிருக்கிறது, அதன் தலையில் 800 குதிரைத்திறனுக்கு மேல் போட்டால் அது எப்படித் தாங்கும்? சுற்றிவிடுகிறது. அவர் நினைவில் தங்குவது அந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான், ஆகவே "கார் லூஸ்", அதாவது பின்பக்கம் பிடிக்கவில்லை, என்கிறார்.

அமெரிக்காவில் இதை டைட்-லூஸ் என்பார்கள். பைட் ஏற்றினால் கார் இன்னும் டைட் ஆகும், நுழைவில் இன்னும் தள்ளும், அவர் இன்னும் பலமாக உதறுவார். தம்பிக்கு மோசமானது இதனால்தான் என்பது என் ஊகம். ரீப்ளே வரட்டும்.

12 ஜனவரி, காலை 9:20

ரீப்ளே வந்தது. நுழைவில் ஸ்டியரிங் இடப்பக்கம் நன்றாக ஒடிந்து கிடக்கிறது, கார் நேராகப் போகிறது, அப்புறம் ஒரு வெட்டு. சந்தேகமே இல்லை, டைட்.

சரி, ஏன் டைட்? இங்கே நம்ம ஆட்கள் பலர் தார்ச்சாலைக் காரை மனதில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். லேட் மாடலின் பின்னால் டிஃபரன்ஷியல் வேலை இல்லை. ஸ்பூல் என்று ஒரு துண்டு, இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், ஆனால் அதற்குக் கூடுதலாகச் சுற்ற வழி கிடையாது. அப்படியே விட்டால் பின் ஆக்ஸில் காரை நேராகத்தான் தள்ளும். அதற்காகத்தான் வலது பின் டயரைப் பெரியதாகப் போடுகிறார்கள். இரண்டு டயரின் சுற்றளவு வித்தியாசம்தான் ஸ்டேகர்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. வளைவின் ஆரம் 46 மீட்டர், பின் சக்கரங்களுக்கு இடையே 1.65 மீட்டர், டயரின் சுற்றளவு 220 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.65-ஐ 46-ஆல் வகுத்து 220-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8 செ.மீ. வரும். வழுக்காமல் உருண்டு போகும் காருக்கு அவ்வளவு. உண்மையில் கார் சறுக்கிக்கொண்டேதான் போகிறது, நேர் பாதையிலும் ஓட வேண்டும், ஆகவே இந்த எண்ணை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஆனால் உங்கள் ஸ்டேகர் இதற்குப் பக்கத்தில்கூட இல்லாவிட்டால், சஸ்பென்ஷனைத் தொடுவதற்கு முன் அதைச் சரி பண்ணுங்கள்.

12 ஜனவரி, காலை 9:31

பிரேக் பயஸை, அதாவது பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவதை, மறந்துவிட்டேன். முன்பக்கம் அதிகமாகப் பிடித்தாலும் நுழைவில் தள்ளும். பின்பக்கம் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத வேலை.

15 ஜனவரி, இரவு 8:15

பொங்கல் முடிந்தது, பைட்டுக்கு வருவோம். தெம்பனிஸ் அக்கா ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: "இடது பின் ஸ்பிரிங்கை ஏற்றினால் அந்த மூலைக்கு எடை எங்கிருந்து வருகிறது? காரின் மொத்த எடை மாறாதே?" நல்ல கேள்வி, இதைப் புரிந்துகொள்ளாமலே பலர் ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள்.

காப்பிக்கடையில் ஆடுகிற மேசையின் ஒரு கால் அடியில் டிஷ்யூவை மடித்து வைப்போமே, அதே சங்கதி. வைத்த காலும் அதற்குக் குறுக்கே இருக்கிற காலும் எடையைத் தாங்கும், மற்ற இரண்டும் இலேசாகும். காரில் இடது பின் ஸ்பிரிங்கின் நட்டைத் திருகி இறுக்கினால் இடது பின்னும் வலது முன்னும் கனக்கும், வலது பின்னும் இடது முன்னும் குறையும். மொத்தம் அதேதான். முன்பக்கத்தின் கூட்டுத்தொகை, பின்பக்கத்தின் கூட்டுத்தொகை, இடப்பக்கம், வலப்பக்கம், எதுவுமே நகராது.

லேட் மாடல்காரர்கள் பைட் என்று சொல்வது இடது பின் எடையிலிருந்து வலது பின் எடையைக் கழித்தால் வரும் எண். இடது பின் 650 பவுண்டு, வலது பின் 580 என்றால் பைட் 70. ஸ்பூல் ஆக்ஸிலில் இடது டயர் நன்றாக ஊன்றி நின்றால், மிதிக்கும்போது அது காரை வலப்பக்கமாகத் தள்ளும், ஆகவே வெளியே வரும்போது டைட். நுழைவில் ஏற்கெனவே தள்ளுகிற காருக்கு இது மருந்தே இல்லை.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு உண்டு. தரை மட்டமாக இருக்க வேண்டும். டயர் காற்று பந்தயத்துக்கு வைக்கும் அளவில், ஸ்டேகர் முடிவான பின், எரிபொருள் ஊற்றி, ஓட்டுபவரை உட்கார வைத்து. சேற்றைச் சுரண்டிவிட்டு! சக்கரத்துக்கு உள்ளேயும் அடித்தட்டிலும் காய்ந்து ஒட்டிய களிமண்ணோடு எடை பார்த்தால் அது காரின் எடை ஆகாது.

16 ஜனவரி, பகல் 1:05

புக்கிட் பாத்தோக் அண்ணன் "வலது பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கு, கார் சாயும், சாய்ந்தால் டயர் மண்ணில் ஊன்றும், வேலை முடிந்தது" என்கிறார். காய்ந்து வழுக்குகிற டிராக்கில் அண்ணன் சொல்வதுதான் நடக்கும். காரணத்தில்தான் எனக்கு இடிக்கிறது. சாப்பாட்டு நேரம் முடிகிறது, இரவு எழுதுகிறேன்.

18 ஜனவரி, இரவு 11:10

"இரவு" இன்றுதான் வந்தது.

கார் சாய்வதால் எடை மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதை வைத்துச் சொல்வது. வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மொத்தமாக எவ்வளவு எடை போகும் என்பதைத் தீர்மானிப்பவை கார் எவ்வளவு பலமாகத் திரும்புகிறது, அதன் கனம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்ற மூன்றும்தான். ஸ்பிரிங் கல் மாதிரி இருந்தாலும் பஞ்சு மாதிரி இருந்தாலும் அந்த மொத்தம் கிட்டத்தட்ட மாறாது. உடல் சாயும்போது கனத்தின் மையம் கொஞ்சம் வெளியே நகர்வது உண்டு, ஆனால் அது சின்னது.

மாறுவது பங்கீடு. பின்பக்கத்தை மென்மையாக்கினால் அந்தச் சுமையில் பெரிய பங்கை முன்பக்கம் எடுத்துக்கொள்ளும், பின் டயர் இரண்டும் முன்பைவிடச் சமமாக வேலை செய்யும், பின்பக்கப் பிடிப்பு கூடும். அதே நேரம் முன்பக்கத்துக்குக் கஷ்டம் கூடும். ஆக அண்ணன் வைத்தியம் சரி. ஆனால் காரணத்தைத் தவறாகப் பிடித்தால் அடுத்த அடி தப்பும்: "சாய்ந்தால் நல்லது" என்று நம்பி முன்பக்கத்தையும் சேர்த்து மென்மையாக்குவீர்கள், கார் கப்பல் மாதிரி சாயும், பிடிப்பு மட்டும் வராது.

தம்பியின் கார் நுழைவில் தள்ளுகிறது. இப்போது வலது பின்னை மென்மையாக்கினால் இன்னும் தள்ளும். வரிசை முக்கியம்.

19 ஜனவரி, காலை 10:40

"சிங்கப்பூரில் களிமண் டிராக் எங்கே இருக்கிறது, எதற்கு இத்தனை பேச்சு" என்று ஒருவர். எங்கேயும் இல்லை. 1961-இலிருந்து 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரி ஓடியது, 2008-இலிருந்து மரினா பேயில் இரவுப் பந்தயம், இரண்டுமே தார். சிஓஇ (இங்கே கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சீட்டு) கட்டி வாங்கிய காரைக் குறுக்கே வீசிப் பார்க்க யாருக்கும் மனசு வராது. ஐரேசிங் 2017-இல் களிமண்ணைக் கொண்டுவந்த பிறகுதான் இங்கே புளோக்கில் உட்கார்ந்துகொண்டு ஒஹாயோவில் சேற்றை வாரி இறைக்கிறோம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி இரவு 8 மணி என்றால் இந்த மாதத்தில் நமக்கு ஞாயிறு காலை 9. ஒரு கையில் கோப்பி.

எனக்கு இன்னொரு வழியும் உண்டு. மச்சான் பெர்த்தில் இருக்கிறார், பழைய ஹோல்டன் விஎல் கமடோர் கார் ஒன்றை உள்ளூர்க் களிமண் டிராக்கில் ஓட்டுகிறார். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால் சனிக்கிழமை ராத்திரி பிட்டிலிருந்து நேராக எனக்குத்தான் போன். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு அங்கே போகிறோம். அக்காவும் தங்கையும் கடைகளுக்கு, நானும் மச்சானும் காருக்கு அடியில்.

31 ஜனவரி, மாலை 6:25 (பெர்த்)

சிமுலேட்டரில் ஒருபோதும் வராத கோளாறு ஒன்று.

மச்சான் கார் ஒரு வளைவில் நன்றாகத் திரும்புகிறது, அடுத்ததில் தள்ளுகிறது, அதற்கடுத்ததில் வால் போகிறது. அவர் ஒரு மாதமாக ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தார். கமடோரில் பின்னால் ஒற்றை ஆக்ஸில், நீளவாக்கில் நான்கு கைகள், குறுக்கே ஒரு பேன்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி). டிஃபரன்ஷியலை வெல்டு அடித்துப் பூட்டியிருக்கிறார். இன்று மதியம் காரை ஸ்டாண்டில் ஏற்றி, பின் ஸ்பிரிங் இரண்டையும் ஷாக்கையும் கழற்றினோம். வெறும் ஆக்ஸில் மட்டும் கைகளில் தொங்குகிறது. ஜாக்கை இடது முனைக்குக் கீழே வைத்து மெதுவாக ஏற்றினேன். ஓர் உள்ளங்கை அளவு வரை வெண்ணெய் மாதிரி வந்தது, அப்புறம் கனத்தது, ஜாக் கைப்பிடியில் அது தெரிந்தது, இன்னும் ஓர் அழுத்து அழுத்தியதும் "டக்" என்று சத்தம், மறுபடி இலேசாக ஏறியது. இறக்கும்போது அதே இடத்தில் அதே டக்.

டார்ச் அடித்துப் பார்த்தால் பேன்ஹார்ட் ராடின் ஆக்ஸில் பக்கத்து ராட் எண்ட், அதாவது முனையில் இருக்கும் பந்து மூட்டு. பந்துக்கும் கூட்டுக்கும் நடுவில் களிமண் புகுந்து சிவப்பாக இறுகிக் கிடக்கிறது. கூடவே பிராக்கெட் ஒரு நூல் வளைந்திருக்கிறது, குறிப்பிட்ட சாய்வுக்கு மேல் போனால் ராட் எண்டின் விளிம்பு அதில் போய் முட்டுகிறது. முட்டும் வரை ஸ்பிரிங்தான் காரைத் தாங்குகிறது, முட்டிய பிறகு இரும்பு தாங்குகிறது. இந்தக் கோலத்தில் ஸ்பிரிங்கின் எண் எதுவாக இருந்தால் என்ன?

பிராக்கெட்டை நிமிர்த்தி, புது ராட் எண்ட் போட்டு, மறுபடி மேலும் கீழும் முழு தூரமும் ஓட்டிப் பார்த்தோம். விரலால் தள்ளினாலே நகர்கிறது. உண்மையான கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், செட்டப் தாளைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

1 பிப்ரவரி, இரவு 11:55 (பெர்த்)

டிராக்கிலிருந்து. கார் மூன்று வளைவிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது, அதாவது எல்லாவற்றிலும் சமமாகத் தள்ளுகிறது. இதுவே முன்னேற்றம், இப்போதுதான் மாற்றிப் பார்க்க ஓர் அர்த்தம் இருக்கிறது. (நான்கு வளைவு இல்லையா என்று கேட்காதீர்கள், மச்சான் நாலாவதில் கண்ணை மூடிக்கொள்கிறார் போல.)

முன்மாலையில் தண்ணீர் லாரி போன கையோடு மண் கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது, ஷூவைப் பிடித்து இழுத்தது. இரவு ஏற ஏற நடுப்பாதை வெளிறிப் பளபளக்க ஆரம்பித்தது, தளர்ந்த மண் முழுக்க வெளிவிளிம்பில் மேடாகக் குவிந்தது, அதுதான் குஷன். பிசுபிசுப்பில் நன்றாகத் திரும்பிய கார் பளபளப்பில் ஐஸ் கட்டி. ஒரே இரவில் இரண்டு டிராக். ஆகவே "உங்க செட்டப் ஃபைலைக் கொடுங்க அண்ணே" என்று கேட்பவர்களே, எந்த மணி நேரத்துக்கு?

6 பிப்ரவரி, இரவு 9:30

ஊர் திரும்பியாச்சு. செங்காங்கிலிருந்து ஒருவர் ஜே பாரைப் (லேட் மாடலில் பேன்ஹார்ட் ராடின் வேலையைச் செய்யும் வளைந்த கம்பி) பற்றிக் கேட்டிருந்தார்: "உயர்த்தினால் லூஸ் என்று ஒருவர், உயர்த்தினால் பிடிப்பு என்று இன்னொருவர், யாரை நம்புவது?"

இரண்டு பேரும் வேறு வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். பாரின் இரண்டு முனையையும் சேர்த்து உயர்த்தினால் பின்பக்க ரோல் சென்டர் (உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) மேலே போகும், சுமையில் பெரிய பங்கைப் பின்பக்கம் எடுத்துக்கொள்ளும், பொதுவாக லூஸ் ஆகும். 18-ஆம் தேதி சொன்ன அதே பங்கீட்டுக் கணக்குத்தான்.

ஒரு முனையை மட்டும் உயர்த்திச் சாய்வைக் கூட்டினால் கதை மாறுகிறது. லேட் மாடலில் ஜே பாரின் இடது முனை சேஸியில், மேலே. வலது முனை ஆக்ஸில் நடுவில் பினியன் பக்கம், கீழே. இடப்பக்க வளைவில் டயர்கள் ஆக்ஸிலை உள்ளே தள்ளுகின்றன, உடல் வெளியே போகப் பார்க்கிறது, நடுவில் மாட்டிக்கொண்ட பார் அழுத்தப்படுகிறது. சாய்ந்து நிற்கும் பாரை இரண்டு பக்கமும் அழுத்தினால் மேல் முனை எங்கே போகும்? மேலே. காரின் இடது பின் மூலை எழும்பும். படங்களில் லேட் மாடல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இடது பின் நான்கு-பார் அமைப்பு. ஆக்ஸில் குழாயில் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டை பேர்ட்கேஜ் என்பார்கள், அதிலிருந்து பார்கள் முன்னோக்கி மேலே ஏறிச் சேஸியில் மாட்டியிருக்கும். மிதிக்கும்போது ஆக்ஸில் அந்தச் சாய்ந்த பார்கள் வழியாகத்தான் காரைத் தள்ள வேண்டும், ஆகவே உடலைத் தூக்கிக்கொண்டே டயரை மண்ணில் அழுத்தும். பிடிப்பு வரும். ஆனால் உடல் எழும்பும்போது பார்கள் இன்னும் செங்குத்தாகி இடது சக்கரத்தை முன்னால் இழுக்கும். இடது பின் முன்னால் வந்தால் ஆக்ஸில் முழுக்க வலப்பக்கம் பார்க்கும், வால் வெளியே நடக்கும். கார் தானாகத் திரும்ப இது உதவும், அளவு மிஞ்சினால் அதுவே லூஸ்.

6 பிப்ரவரி, இரவு 9:48

இரண்டாவது முறை யோசித்தால், தம்பிக்கு மேலே உள்ள கடைசிப் பத்தி இப்போது தேவையில்லை. படித்துவிட்டுப் பார் ஓட்டைகளை மாற்றப் போய்விடாதீர்கள். நுழைவு சரியாகும் வரை ஸ்டேகர், பைட், பிரேக், அவ்வளவுதான்.

12 பிப்ரவரி, இரவு 10:05

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த கால் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் தம்பியின் பதிலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பைட்டைப் பழைய அளவுக்கு இறக்கி, ஸ்டேகரை ஏற்றி, பிரேக்கைப் பின்னுக்கு நகர்த்தியிருக்கிறார். இப்போது ஸ்டியரிங் நுழைவில் நேராக நிற்கிறது, வளைவின் நடுவில் இலேசாக வலப்பக்கம். களிமண்ணில் நான் பார்க்க விரும்புவது இதுதான். டிராக் காய்ந்த பிறகு மட்டும் வெளியே வரும்போது இன்னும் கொஞ்சம் வால் ஆடுகிறதாம்.

நுழைவு சரியாக இருக்கும்போது ஆடுவது உண்மையான லூஸ். இப்போது புக்கிட் பாத்தோக் அண்ணன் வைத்தியத்தை எடுக்கலாம்: வலது பின் ஸ்பிரிங்கை 25 பவுண்டு (ஓர் அங்குலத்துக்கு) மென்மையாக்குங்கள். மாற்றியதும் நான்கு மூலை எடையையும் திரும்பப் பாருங்கள், ஸ்பிரிங் மாறினால் காரின் உயரமும் பைட்டும் சேர்ந்தே நகரும், அதை நட்டால் பழைய எண்ணுக்குக் கொண்டுவராவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அதற்கும் ஆடினால் பைட்டை மெதுவாக ஏற்றிப் பாருங்கள், ஜே பார் அதற்கு அப்புறம்தான்.

இந்தச் செட்டப்பை வேறு பெயரில் சேமியுங்கள். ஈர டிராக்கில் இதை ஏற்றினால் மறுபடி மூக்கு தள்ளும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீர்கள்.

12 பிப்ரவரி, இரவு 10:12

ஷாக்கைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இன்று வேண்டாம்.